ஒரே பெயர் என்பதற்காக இரண்டு பேரை ஒருவராக்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பொதுநூலகர்களுக்கும் பிரதேச செயலகங்களின் கலாசார உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கமும் ஸலாமும்.

நம் பகுதிப் பெண் எழுத்தாளர்களின் விவரங்களைப் பதியும்போது, ஒரே பெயர் கொண்டவர்களைச் சரியாகப் பிரித்துப் பதியுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ராஜேஸ்வரி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் கோளாவிலில் பிறந்து லண்டனில் குடியேறிய நாவலாசிரியர், 'தில்லையாற்றங்கரை' அவருடையது. ராஜேஸ்வரி சண்முகம் இலங்கை வானொலியின் மறக்க முடியாத குரல், 2012இல் காலமானார். இருவருமே பெயர் பெற்றவர்கள் என்பதால் குழப்பம் குறைவு. ஆனால் எழுபதுகளில் பத்திரிகைக்கு நாலு கதை எழுதிவிட்டு ஓய்ந்துபோன ஒரு ராஜேஸ்வரி களுவாஞ்சிக்குடியில் இருந்தால் அவரை யார் இனங்காண்பது? யோகேஸ்வரியும் பரமேஸ்வரியும் இல்லாத வகுப்பறையே அந்தக் காலத்தில் இருந்திருக்காது.

பெயருக்கு முன்னால் முதலெழுத்து இருக்கிறதே என்பீர்கள். ஆணுக்கு அது சாகும்வரை தகப்பனின் எழுத்து. பெண்ணுக்குக் கல்யாணம்வரை தகப்பன், அப்புறம் கணவன். ராஜேஸ்வரி சண்முகத்தின் பெயரில் உள்ள சண்முகம் அவருடைய கணவர், வானொலி நாடகங்கள் எழுதிய சி. சண்முகம். தகப்பன் என்று எண்ணித் தேடுகிறவர் எங்கேயோ போய்விடுவார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எழுதிய ஒரே பெண் அட்டவணையில் இரண்டு பேராகிவிடுகிறார். வேறு வேறு இரண்டு பெண்கள் ஒருவராகவும் ஆகிவிடுகிறார்கள்.

முஸ்லிம் பெண்களுக்கு இதோடு எழுத்துக்கூட்டல் சிக்கலும் உண்டு. ரெஹானா, றெஹானா, ரிஹானா என்று பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும். புனைபெயரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 'எனக்குக் கவிதை முகம்' தொகுப்பைத் தந்த சாய்ந்தமருது அனாரின் சொந்தப் பெயர் இஸ்ஸத் ரெஹானா. அவரைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அறியப்படாதவர்களுக்கு நீங்கள் எழுதும் விவர அட்டைதான் சாட்சி.

இங்கே ஒரு விழா மலரில் ஒருவரின் கதைக்கு மேலே அதே பெயருள்ள இன்னொருவரின் படத்தையும் குறிப்பையும் போட்டிருந்தார்கள். கதையை எழுதியவர் எனக்குத் தெரிந்த அம்மாதான். "போனாப் போகுது, விடுங்க மகள்" என்றார். எனக்கு விட மனம் வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அச்சில் வந்த அவருடைய ஒரே கதை அது.

புறநானூற்றில் 33 பாடல்கள் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி ஔவையாரும் பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள். பிள்ளைகளின் மனதில் இன்றும் ஒரே பாட்டிதான். நம் காலத்தில் ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியின் மகள் ஔவையும் கவிதை எழுதுகிறார். பழைய ஔவையார்களிடம் நாம் போய்க் கேட்க முடியாது. இப்போது இருப்பவர்களிடம் கேட்கலாம்.

என்ன கேட்பது? முதலில் ஊர். நம் பக்கத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு வளவு மகளுக்கு, குடி என்கிற வம்சப் பிரிவும் தாய்வழி. ஆகவே பெண்ணின் முதலெழுத்து மாறினாலும் ஊர் அவ்வளவாக மாறுவதில்லை. மண்டூர் அசோகா என்று ஊரை முன்னால் வைத்து எழுதியவர் தன்னைத் தெளிவாகவே அடையாளம் காட்டினார். அடுத்து, பிறந்த ஆண்டு, கல்யாணத்துக்கு முந்திய பெயர், புனைபெயர்கள், தாயின் பெயர். இந்தத் தாயின் பெயரை விட்டுவிடாதீர்கள். குடியே தாய்வழியில் வரும் ஊரில் அட்டையில் தகப்பனும் கணவனும் மட்டும் இருப்பது நியாயமில்லை. நூலகம் இணைய ஆவணகத்தின் ஆளுமைப் பக்கங்களில் தந்தை, தாய், பிறப்பு, ஊர் என்று தனித்தனியாகவே இடம் விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தே படிவம் தயாரித்துவிடலாம்.

கரையோர வீடுகளில் பத்திரிகை நறுக்குகள் 2004 சுனாமியோடு போய்விட்டன. அறுபது, எழுபதுகளில் எழுதியவர்களில் பெரும்பாலானோருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். தபாலில் படிவம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், தயவுசெய்து வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். ஆள் போதாவிட்டால் சொல்லுங்கள், சனி ஞாயிறில் நானும் என் சிநேகிதிகளும் வருகிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகி