யூலின் விழா பாரம்பரியமா?

ஆசிரியருக்கு,

சீனாவின் யூலின் நகரில் ஜூன் 21-ஐ ஒட்டி நடக்கும் நாய்க்கறி விழாவை 'உள்ளூர்ப் பாரம்பரியம், வெளியார் தலையிடக் கூடாது' என்று சிலர் வாதாடுகிறார்கள். யூலின் இருக்கும் குவாங்சி பகுதியில் நாய்க்கறி உண்ணும் வழக்கம் பழையதுதான். லிச்சிப் பழத்தோடு உண்பார்கள். ஆனால் விழா என்று ஒன்று கிளம்பியது 2010 வாக்கில்தான், அதுவும் வியாபாரத்துக்காக.

சரி, ஆடு, கோழி தின்னும் நான் அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்க முடியாது. என்னை வதைப்பது வேறு. நாய்களைக் கம்பிக்கூண்டுகளில் திணித்து, தண்ணீர்கூட இல்லாமல் லாரியில் வெகுதூரம் கொண்டுவருகிறார்கள். சிலவற்றின் கழுத்தில் பட்டை அப்படியே கிடக்கிறது. யாரோ ஆசையாக வளர்த்த நாய், திருட்டுப்போனது.

எதிர்ப்பது வெளிநாட்டவர் மட்டும் என்பதும் தவறு. நெடுஞ்சாலையில் லாரிகளை மறித்து நாய்களை மீட்டவர்கள் சீனர்களே. ஜின்ஹுவாவில் நடந்த இதுபோன்ற விழா 2011-இல் சீன மக்களின் எதிர்ப்பால்தான் நின்றது. ஷென்சென் நகரம் 2020-இல் நாய், பூனைக் கறியைத் தடை செய்தது.

வெளியூருக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு நாய்க்கும் தனிச் சுகாதாரச் சான்று வேண்டும் என்பது அங்குள்ள விதி. யூலின் நிர்வாகம் அதை ஒழுங்காகச் சோதித்தாலே பல லாரிகள் ஊருக்குள் நுழைய முடியாது.