ஓதம் ஏறிய வாடகை வீடுகளைப் பழுதுபார்க்க உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
வாடகைக் குடித்தனக்காரர்கள் (நான்கு குடும்பங்கள்),
வேளச்சேரி, சென்னை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: மழைக்காலத்துக்கு முன் ஓதத்தைச் சரிசெய்து தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரே மதிலுக்குள் நான்கு போர்ஷன்களில் குடியிருக்கிறோம். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், எங்கள் வாசல் தெருவுக்கு இரண்டு படி கீழே போய்விட்டது. மழைநீர் அடித்தளத்தைச் சுற்றி நின்று செங்கல் வழியாக ஏறுகிறது. இடுப்பளவு உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. மாடியில் தட்டோட்டு இடுக்குகள் விட்டுப்போனதால் மேலிருந்தும் ஒழுகுகிறது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம். பத்தடி அறையில் ஒரு சாண் என்பது பெரிய இடம். அப்படியும் அதன் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கிறது, பிள்ளைகளின் புத்தகங்களிலும்தான்.

உரிமையாளரிடம் சொன்னால், "வீட்டுக்குள் துணி உலர்த்தினால் சுவர் ஈரமாகத்தானே செய்யும்?" என்கிறார். அதில் பாதி உண்மை. துணியின் ஈரமும் சமையல் ஆவியும் உள்ளேயே தங்கினால் பூஞ்சை வரும். ஆனால் மொட்டை மாடிச் சாவி அவரிடம் இருக்கிறது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கச் சுவரில் துளையிடவும் அவர் விடவில்லை. தவிர, கொடியில் தொங்கும் துணி சுவரில் உப்புப் பூக்கவைக்காது. அது மண்ணிலிருந்து ஏறுவது. யார் காலி செய்தாலும் சுவரைக் கெடுத்ததாகச் சொல்லி முன்பணத்தில் பிடித்துக்கொள்கிறார். பிறகு பட்டி பார்த்து, வெள்ளையடித்து, அடுத்தவரைக் குடிவைக்கிறார். ஐப்பசி பிறந்ததும் பட்டி பொருக்குப் பொருக்காக விழுகிறது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், கட்டடப் பழுதையும் வெள்ளையடிப்பதையும் உரிமையாளரின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. அவர் செய்யாவிட்டால் நாங்கள் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் அவர் வீட்டுச் சுவரில் நாங்கள் கொத்தனாரை ஏற்றினால், மறுமாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்.

எனவே வாடகை அதிகாரி வாயிலாக வீடுகளை நேரில் பார்வையிடச் செய்து, தட்டோட்டு இடுக்குகளை அடைக்கவும், உப்புப் பூத்த பூச்சைச் செதுக்கியெடுத்து ஓதத்தடுப்புடன் மறுபூச்சு செய்யவும், வெளிச்சுவரோரம் நீர் வடிய வழிசெய்யவும் உரிமையாளருக்கு உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பூச்சு காயாது. ஓதத்தைக் காட்டி எவருடைய முன்பணத்திலும் பிடித்தம் செய்யக் கூடாது என்றும் அறிவுறுத்த வேண்டும். மாடிச் சாவியை மட்டும் இன்றே கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
நான்கு குடும்பத்தினர்

இடம்: சென்னை
நாள்: 15.09.2025
இணைப்பு: சுவர்களின் புகைப்படங்கள், வாடகை ஒப்பந்த நகல்கள்