வண்டிப்பெரியாறு மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் சேட்டன்மார்களுக்கும் வணக்கம்.

மாதாமாதம் சாக்கோடு வருகிற ஹரித கர்ம சேனைப் பெண்களில் நானும் ஒருத்தி. வீட்டுக்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டு, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை எடுத்துப்போய்த் தரம் பிரிப்பது எங்கள் வேலை. பால் கவர் வந்தால் சந்தோஷம், அது மறுசுழற்சிக்குப் போய்விடும். வம்பு பிடித்தது ஷாம்பு பாக்கெட்தான். இரண்டு மூன்று விதப் பிளாஸ்டிக்கை, சிலதில் அலுமினியத் தாளையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பதால் பிரிக்கவே முடியாது. கடைசியில் சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிய வேண்டியதுதான். அதுவும் சாக்குக்கு வந்து சேர்ந்தால்! பல்லால் கடித்துக் கிழித்த அந்த நுனித் துண்டு ஒருநாளும் வராது. குளித்த தண்ணீரோடு ஓடையில் இறங்கிப் பெரியாற்றுக்குப் போய்விடும்.

இதற்காகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இருக்கிற பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. செலவுக்காசில் குடும்பம் நடத்துகிறவளிடம் பெரிய பாட்டில் வாங்கு என்று புத்தி சொல்வது சுலபம். மில்லிக் கணக்குப் பார்த்தால் பாட்டிலைவிடப் பாக்கெட்டே மலிவாக விழுகிற ஷாம்புகள் இருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் வைத்த விலை அது. அவர்களுக்கு எழுதிப் பதில் வரப்போவதில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்கச் சட்டம் இடம் கொடுக்காது, அதை நான் கேட்கவில்லை. ஷாம்பையும் விடுங்கள். பினாயில், பாத்திரம் கழுவும் லிக்விட், சோப்புத் தூள் இதையெல்லாம் ஏன் அளந்து கொடுக்கக் கூடாது? கேரளம் முழுக்கக் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் சோப்பும் பினாயிலும் செய்கிறார்கள். அவர்களிடம் கேனில் வாங்கி வையுங்கள். பழைய பாட்டிலோடு வருகிறவள் பத்து ரூபாய்க்குக் கேட்டால் பத்து ரூபாய்க்கே ஊற்றுங்கள், காசு இல்லையென்றால் பற்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். லிட்டர் கணக்கில்தான் தருவேன் என்றால் அவள் மறுபடியும் பாக்கெட்டுக்குத்தான் போவாள். ஒழுகும், கை பிசுபிசுக்கும் என்பீர்கள். சரி, குழாய் வைத்த கேனாக வாங்குங்கள்.

அப்புறம் இன்னொன்று. சரத்திலிருந்து நாலு பாக்கெட் கிழித்துத் தரும்போது அதைப் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கவர் எதற்கு? மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலேயே தடை, இங்கே கேரளத்தில் 2020 ஜனவரியில் தடை. இரண்டு பக்கமும் தடைசெய்த கவர் உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் எப்படித் தொங்குகிறது என்று நான் கேட்கப் போவதில்லை.

முதலில் ஒரு கடை ஆரம்பித்தால் போதும். எந்தக் கடை என்று மட்டும் சொல்லுங்கள், லயத்தில் வீடு வீடாக நாங்களே சொல்லிவிடுகிறோம். அதற்குத் தனியாக 50 ரூபாய் கேட்க மாட்டோம்.