வரலாறு சொல்லும் யூடியூப் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

இரண்டாம் உலகப்போர்க் கதைகளைத் தமிழில் சுவையாகச் சொல்கிறீர்கள், நானும் விடாமல் பார்க்கிறேன். ஆனால் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தில் நாஜிகளை எதிர்த்துப் போராடிய ஓவர்ஸ்டேகன் சகோதரிகளை நீங்கள் காட்டும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அழகால் நாஜிகளை மயக்கிக் கொன்ற பெண்கள் என்ற மாதிரி ஒரு தலைப்பு. பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில், கொன்றது இத்தனை பேர் என்று ஓர் எண்.

அந்த எண் உங்களுக்கு எங்கே கிடைத்தது? தங்கை ஃப்ரெடியிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். போராளியிடம் அதைக் கேட்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். 2018இல், 93ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள் இறக்கும்வரை சொல்லவேயில்லை. சுடப்பட்டு விழுந்தவரைத் தூக்கிவிட வேண்டும்போல இருந்தது என்றுதான் சொன்னார். அதை மட்டும் எல்லோரும் விட்டுவிடுகிறீர்கள்!

1940 மே மாதம் ஜெர்மன் படை நுழைந்தபோது ஃப்ரெடிக்கு 14 வயது, அக்கா ட்ரூஸுக்கு 16. அம்மா கம்யூனிஸ்ட், தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்களுக்குப் போருக்கு முன்பே வீட்டில் இடம் கொடுத்தவர். அப்படிப்பட்ட வீட்டுக்கு எதிர்ப்பு இயக்கத்துக்காரர் வந்து, மகள்களை அனுப்புவீர்களா என்று அம்மாவிடம்தான் அனுமதி கேட்டார். பின்னல் போட்ட சின்னப்பெண் சைக்கிளில் போனால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது கணக்கு. தடைசெய்யப்பட்ட பத்திரிகைகளை விநியோகிப்பது, யூதக் குழந்தைகளை மறைவிடம் சேர்ப்பது என்று வேலைகள் இருந்தன. மதுக்கடையில் மயக்கி அழைத்துப்போனதும் நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் முழு வீடியோவுமே அதுவா?

அவர்களோடு சேர்ந்த ஹன்னி ஷாஃப்ட் சட்டம் படித்தவர். 1943இல் மாணவர்கள் ஜெர்மன் ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்றார்கள், ஹன்னி போடவில்லை, படிப்பு போயிற்று. நாஜி ஆட்சித்தலைவர் சைஸ்-இன்க்வார்ட்டின் பிள்ளைகளைக் கடத்தச் சொல்லி வந்த யோசனையை மூவரும் ஏற்கவில்லை. குழந்தைகளைக் கொல்ல நேர்ந்துவிடும் என்பதுதான் காரணம். உங்கள் வீடியோக்களில் இதை நான் இன்னும் கேட்கவில்லை.

1945 ஏப்ரல் 17, விடுதலைக்கு மூன்று வாரம்கூட இல்லை, 24 வயது ஹன்னியைக் கடற்கரை மணல்மேட்டில் சுட்டார்கள். நீங்கள் அங்கே சோக இசை போட்டு முடித்துவிடுகிறீர்கள். மிச்சத்தையும் சொல்லுங்கள். அதே ஆண்டு நவம்பரில் அரசி வில்ஹெல்மினா முன்னிலையில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அப்புறம் பனிப்போர் வந்தது. ஹன்னியின் தோழர்கள் கம்யூனிஸ்ட்கள் என்பதால் 1951இல் அவருடைய நினைவு நிகழ்ச்சிக்கே அரசு தடை போட்டது. பூ வைக்க வந்தவர்களைப் போலீசும் ராணுவமும் மறித்தன. இரு சகோதரிகளுக்கும் அரசு போர்ப் பதக்கம் கொடுத்தது 2014இல்தான், இருவரும் எண்பதைத் தாண்டிய பிறகு.

ஆகவே, முன்படத்திலிருந்து அந்த எண்ணை எடுத்துவிடுங்கள். 1951ஐப் பற்றித் தனியாக ஒரு வீடியோ போடுங்கள். பார்வைகள் குறையலாம், சரி, ஒரு தடவை குறையட்டுமே.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவர்