கிளைடர் பந்தயத்துக்கு ஒரே வகை, கட்டுப்படியாகும் விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் அருகேயுள்ள அப்துல்லாபுரம் விமானத்தளம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், அங்கே கிளைடர் பயிற்சியும் தொடங்கலாமே என்ற பேச்சு எங்கள் பகுதி இளைஞர்களிடம் எழுகிறது. அது நியாயமான ஆசை. கோடை வெயிலில் பாலாற்று மணலும் குன்றுகளின் பாறைகளும் சூடேறிக் கிளப்பிவிடும் காற்றில் பருந்துகள் சிறகடிக்காமலே உயர்வதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். இயந்திரமில்லாத கிளைடரும் அந்தக் காற்றை நம்பியே பறக்கிறது. அரக்கோணம் கடற்படைத் தளம் அருகில் இருப்பதால் வான்வெளி அனுமதி பெறுவது எளிதல்ல. அதைத் தனியே பேச வேண்டும். பந்தயம் வளர எந்தக் கிளைடரை வாங்குவது என்பது பற்றியே இக்கடிதம்.

இறக்கை விரிவு 18 மீட்டர் உள்ள இன்றைய பந்தயக் கிளைடர் ஒன்றின் விலை ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். அதை ஒருவர் வாங்கினால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். வெவ்வேறு வகைக் கிளைடர்களுக்குத் திறனுக்கேற்ப மதிப்பெண்ணைச் சரிசெய்யும் முறை உண்டு. ஆனால் அந்தக் கணக்கு சராசரி வானிலையை வைத்துப் போடப்படுவது. காற்று எழும்பாத நீண்ட இடைவெளியை நல்ல கிளைடர் கடந்துவிட, எளிய கிளைடர் வற்றிய ஏரியில் இறங்க நேர்ந்தால், எந்தக் கணக்கும் அதை ஈடுசெய்யாது. எல்லோரும் ஒரே வகையில் பறந்தால்தான் வெற்றி விமானியின் திறமையால் வந்தது என்று சொல்ல முடியும். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற பாய்மரப் படகுப் பிரிவும், அனைவருக்கும் ஒரே படகு என்ற விதியில் நடப்பதே.

ஆனால் ஒரே வகை என்று அறிவித்துவிட்டால் மட்டும் போதாது. உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பு இம்முயற்சியில் இறங்கி, வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பி.டபிள்யூ-5 என்னும் சிறிய கிளைடரைத் தேர்ந்தெடுத்தது. 1997-இல் துருக்கியில் அதற்கு உலகப் போட்டியும் நடந்தது. எளிமையான, பாதுகாப்பான கிளைடர்தான். ஆயினும் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து சுமார் 32 கிலோமீட்டர்தான் செல்லும். ஏறத்தாழ அதே விலைக்கு, அதைவிடத் தொலைவு செல்லும் பழைய 15 மீட்டர் கண்ணாடியிழைக் கிளைடர்கள் சந்தையில் கிடைத்தபோது விமானிகள் ஏன் புதியதை வாங்குவார்கள்? போதிய பேர் சேராத அந்தப் போட்டிப் பிரிவைக் கூட்டமைப்பு பின்னர் கைவிட்டது. மாறாக, 1954-இல் முதன்முதலில் பறந்த அமெரிக்காவின் ஷ்வைசர் 1-26, அதைவிடவும் குறைந்த திறன் உடையதாக இருந்தும், தனக்கென ஒரு போட்டியை இன்றளவும் காப்பாற்றி வருகிறது. 700-க்குச் சற்றுக் குறைவாகக் கட்டப்பட்டதும், பழுதுபார்க்க எளிதாக இருந்ததும், உரிமையாளர்கள் சங்கமாகக் கூடியதும் அதற்குக் காரணங்கள் என்று கருதுகிறேன்.

ஆகவே புதிய வடிவத்தைத் தேடாமல், ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1970-களில் ஜெர்மனியில் உருவான குரோப் அஸ்டிர் போன்ற 15 மீட்டர் கிளைடரை நான் முன்மொழிவேன். உறுதியான அதன் இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிவிடலாம். பழைய வானூர்திகளை இறக்குமதி செய்வதற்கான விதிகளை மட்டும் பணம் திரட்டும் முன்பே விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

தேர்ந்த வகையைப் பத்து ஆண்டுகளுக்கு மாற்றுவதில்லை என்றும், இறக்கையிலோ கருவிகளிலோ தனிப்பட்ட மேம்பாடு எதையும் அனுமதிப்பதில்லை என்றும், எடை குறைந்த விமானி அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் ஈடுகட்டும் எடை ஏற்றிப் பறக்க வேண்டும் என்றும், முதல் கிளைடருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுமாறு இம்முயற்சியில் ஈடுபடுவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காட்பாடி வாசகர்