நோட்டுக்காக ஓடுகிற பையன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெண்ணுக்கு என்ன படம் காட்டலாம், என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடைசியில் போகிற போக்கில், டிவி பாட்டுப் போட்டிக்கு அவளை அனுப்பலாமா என்றும் ஒரு வரி. நீ உண்மையில் கேட்க வந்தது அந்த ஒரு வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு வருகிறேன். முதலில் படம்.

குழந்தைகள் வருகிற படங்களில் எனக்கு ஆகவே ஆகாத ஒன்று உண்டு. ஐந்து வயதுப் பிள்ளை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பெரியவர்களுக்குக் காதல் பாடம் எடுக்கும்; தியேட்டரே கைதட்டும். எழுதியவருக்கு அங்கே தேவைப்பட்டது தன் வசனத்தைப் பேச ஒரு சின்ன வாய், அவ்வளவுதான். தொடர்களில் இன்னும் மோசம். பிரிந்த அப்பா அம்மா சேர வேண்டும் என்று சாமி படத்தின் முன்னால் நின்று அழுவதற்கென்றே ஒரு குழந்தையை வைத்திருப்பார்கள். இருவரும் சேர்ந்த மறுவாரமே குழந்தையைக் காணோம். டியூஷனுக்குப் போயிருக்கும் போல.

இதற்கு நேர் எதிரான படம் ஒன்று சொல்கிறேன். 1987இல் ஈரானில் அப்பாஸ் கியாரோஸ்தமி எடுத்தது, 'நண்பனின் வீடு எங்கே?'. பக்கத்து இருக்கைப் பையனின் நோட்டைத் தவறுதலாக வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான் அஹ்மத். அந்தப் பையன் இன்னொரு தடவை நோட்டில் எழுதாமல் வந்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவேன் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அதனால் நோட்டைக் கொடுத்துவிட்டு வர அடுத்த ஊருக்கு ஓடுகிறான். படமே இவ்வளவுதான். ஆனால் அவன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். இவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவள் காதிலேயே வாங்காமல் தொட்டிலை ஆட்டு, வீட்டுப்பாடத்தை எழுது என்று வேலை ஏவிக்கொண்டே இருக்கிறாள். கொடுமைக்காரி இல்லை, துணி துவைக்கிற அவசரம் அவளுக்கு. தாத்தா இன்னும் ஒரு படி மேலே. வீட்டில் இருக்கும் சிகரெட்டை எடுத்து வா என்று விரட்டுகிறார். அவன் போன பிறகு, தன்னிடமே சிகரெட் இருக்கிறது, பையன் சொன்னபடி கேட்கப் பழக வேண்டும் என்றுதான் அனுப்பினேன் என்கிறார் பக்கத்திலிருப்பவரிடம். ஒரு நோட்டு என்பது அந்த வயதில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஊரில் ஒரு பெரியவருக்கும் தெரியவில்லை. கியாரோஸ்தமிக்குத் தெரிந்திருக்கிறது.

அதே ஈரானிலிருந்து மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', 1997. தங்கையின் ஷூவைத் தொலைத்த அண்ணன் ஓட்டப் பந்தயத்தில் சேருகிறான். மூன்றாம் பரிசுதான் ஷூ. பாவி, முதலாவதாக வந்துவிடுகிறான். எல்லோரும் கொண்டாட, பையன் அழுகிறான். நம் 'காக்கா முட்டை' (2015) பார்க்கும்போது இதுதான் நினைவுக்கு வந்தது. மணிகண்டனின் அந்தச் சகோதரர்கள் ஒரு பீட்சாவுக்காக என்னென்னவோ பட்டு, கடைசியில் பெரிய மனிதர்கள் ராஜ மரியாதையோடு ஊட்டிவிடும்போது அது வாய்க்குப் பிடிக்கவில்லை. இரண்டிலும் பெரியவர்கள் கொடுக்கிற பரிசு ஒன்று, பிள்ளைகளுக்கு வேண்டியிருப்பது வேறொன்று. இதை யாரும் வசனமாகப் பேசிக் காட்டாதது பெரிய நிம்மதி.

ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.'யை (1982) அவள் எப்படியும் பார்ப்பாள். பார்க்கும்போது ஒன்றைக் கவனி. அம்மாவைத் தவிர மற்றப் பெரியவர்களின் முகம் வெகுநேரம் தெரியாது. ஒருவருக்கு இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துதான் அடையாளம். கேமராவைக் குழந்தையின் உயரத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

புத்தகம் என்றால் ஒன்றே ஒன்று, ஜப்பானிலிருந்து வந்த 'டோட்டோ-சான்'. மேஜை மூடியை ஓயாமல் திறந்து மூடியதற்காகவும், ஜன்னலில் நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டதற்காகவும் முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட பெண், டெட்சுகோ குரோயநாகி, வளர்ந்து 1981இல் எழுதியது. புதுப் பள்ளியின் தலைமை ஆசிரியர் கோபயாஷி, நாற்காலியை அவள் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உனக்கு என்னென்ன சொல்லணுமோ சொல் என்கிறார். நான்கு மணி நேரம் பேசுகிறாள். ஒரு கொட்டாவி விடவில்லை மனிதர். எல்லோரும் இந்த இடத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அவள் அம்மா. முதல் பள்ளி அவளை நீக்கிய விஷயத்தை இருபது வயது தாண்டும்வரை அம்மா அவளிடம் சொல்லவே இல்லை.

அதில் ஒரு சின்னப் பையன் இறந்துபோவான். பயந்து அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடாதே. 'செசமி ஸ்ட்ரீட்' என்கிற அமெரிக்கச் சிறுவர் டிவி நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982இல் இறந்தபோது, அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1983 நவம்பரில் வந்த பகுதியில், பிக் பேர்ட் என்கிற அந்த மஞ்சள் பறவை, தான் வரைந்த படத்தை ஹூப்பரிடம் கொடுக்கக் காத்திருக்கிறது. அவர் செத்துப்போய்விட்டார், இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் பச்சையாகச் சொல்கிறார்கள். ஏன் இப்படி ஆகணும் என்று அது கேட்கிறது. இப்படித்தான், அவ்வளவுதான் என்பதே பதில். சுற்றி நிற்பவர்களின் கண் கலங்கியிருப்பதை மறைக்கவும் இல்லை. சிறுவர் டிவியில் இதற்கு மேல் நேர்மையை நான் பார்த்ததில்லை.

சரி, பாட்டுப் போட்டி. பாடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெளியேற்றுகிற அந்த நேரம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தை உதடு துடிக்க நிற்கும். கேமரா இன்னும் கிட்டே போகும். பின்னாலிருந்து வயலின் அழும். அடுத்து அம்மாவின் முகம். அந்தக் கண்ணீருக்காகத்தான் நிகழ்ச்சியே நடக்கிறது. பணம் இருக்கிற இடத்தில் பெற்றவர்களையும் முழுசாக நம்ப முடியாது. சாப்ளினோடு 'தி கிட்' (1921) படத்தில் நடித்த சிறுவன் ஜாக்கி கூகன் சம்பாதித்ததில் பெரும்பகுதியை அவன் அம்மாவும் மாற்றாந்தகப்பனும் செலவழித்துவிட்டார்கள். அவன் வழக்குப் போட்ட பிறகுதான், 1939இல், கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களுக்கென்று சட்டம் வந்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அதன் பெயரில் வங்கியில் போட வேண்டும். அழும்போது கேமராவைத் திருப்பு என்று எந்த விதியும் சொன்னதாகத் தெரியவில்லை.

நீ அவளிடம் இரண்டு கேள்வியைத் தனித்தனியாக, வேறு வேறு நாளில் கேள். பாட ஆசையா? டிவியில் வர ஆசையா? முதலாவதற்கு மட்டும் ஆமாம் என்றால் நல்ல பாட்டு டீச்சராகப் பார்த்துச் சேர்த்துவிடு. இரண்டுக்கும் ஆமாம் என்றால், அதே போட்டியில் யாரையாவது வெளியேற்றுகிற ஒரு பகுதியை நீங்கள் மூவரும் உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். பார்த்த பிறகும் போகிறேன் என்றால் அனுப்பு, நான் குறுக்கே வரமாட்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பிவை.

டோட்டோ-சானை நீ வாங்காதே, நான் அனுப்புகிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா