பெட்டி பிரிக்காத பொம்மைகளைச் சேர்த்து வைப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

லபுபு பொம்மையைப் பிடித்துப்போய் வாங்கி, கைப்பையில் தொங்கவிட்டுக்கொண்டு திரிபவர்களுக்கு இந்த மடல் இல்லை. கொடுத்த காசுக்கு அவர்களுக்கு மகிழ்ச்சி கிடைத்துவிட்டது. கணக்கு அங்கேயே முடிந்தது. பெட்டியைப் பிரிக்காமல் ரசீதோடு அலமாரியில் அடுக்கி, 'இது பொம்மை அல்ல, முதலீடு' என்று சொல்லிக்கொள்ளும் உங்களுக்கும், உங்களுக்கு விலைப்பட்டியல் அனுப்பி வைப்பவர்களுக்கும்தான் எழுதுகிறேன்.

பயப்பட வேண்டாம், டுலிப் பூவின் கிழங்கு விலை தாறுமாறாக ஏறிச் சரிந்த கதையைச் சொல்லப்போவதில்லை. பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி பிற்காலத்தில் ஊதிப் பெருக்கியது என்று வரலாற்றாய்வாளர்களே எழுதிவிட்டார்கள். நமக்கு பீனி பேபி என்ற அமெரிக்கத் துணிப் பொம்மை போதும். அதைச் சேர்த்தவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள்; பொம்மைகளும் அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன.

1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டை வார்னர் என்பவர் உள்ளங்கையில் அடங்கும் துணிப் பொம்மைகளைக் கொண்டுவந்தார். விலை ஏறத்தாழ 5 டாலர். பெரிய கடைத்தொடர்களுக்குக் கொடுக்காமல் சிறு பரிசுப்பொருள் கடைகளுக்கு மட்டும், அதுவும் அளந்து அளந்து அனுப்பினார். சில காலம் விற்ற பொம்மையை 'ஓய்வு பெற்றது' என்று திடீரென அறிவித்துவிடுவார். அறிவிப்பு வந்ததும் மறுவிற்பனை விலை எகிறும். விலைகளை வெளியிடுவதற்கென்றே பத்திரிகைகள் வந்தன. பொம்மையின் காதில் உள்ள அட்டை மடங்கினால் மதிப்பு குறையும் என்று அந்த அட்டைக்கும் பிளாஸ்டிக் உறை விற்றார்கள். 1997-இல் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் குழந்தைகளுக்கான சாப்பாட்டோடு கொடுத்த குட்டி பீனி பேபிகள் ஏறத்தாழ 10 கோடி. சில வாரங்களுக்குள் தீர்ந்தன. 10 கோடி இருக்கும் பொருளை அரிய பொருள் என்று நம்பி வரிசையில் நின்றவர்கள் முட்டாள்கள் அல்லர். பக்கத்தில் நின்றவரும் அப்படித்தான் நம்பினார், அதனால் நம்பினார்கள். 1999-இல் லாஸ் வேகஸ் நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற்ற ஒரு தம்பதி, தரையில் குந்தி உட்கார்ந்து பீனி பேபிகளை ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்ட புகைப்படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வீடு, நகை வரிசையில் பொம்மையும் சொத்தாகியிருந்தது.

அதே 1999 ஆகஸ்டில், ஆண்டு முடிவோடு பீனி பேபி தயாரிப்பே நின்றுவிடும் என்று நிறுவனம் அறிவித்தது. பிறகு, நிறுத்தலாமா வேண்டாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. ஒரு வாக்குக்கு 50 சென்ட் கட்டணம். வசூல் அறப்பணிக்குப் போனது. தொடர வேண்டும் என்று பெரும்பாலோர் வாக்களித்தார்கள், தயாரிப்பும் தொடர்ந்தது. கிடைக்காமல் போகும் என்ற அச்சத்தில் வாங்கியவர்கள் கையில் இருந்தது எது? ஒரு நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு. அடுத்த சில ஆண்டுகளில் மறுவிற்பனைச் சந்தை படுத்துவிட்டது. வார்னருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் பெருங்கோடீசுவரர். பின்னாளில் அவர் நீதிமன்றம் ஏறியது சுவிஸ் வங்கியில் பணத்தை மறைத்து வரி ஏய்த்ததற்காக.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய பொம்மைகள் சில ஏலத்தில் பெரும் விலைக்குப் போவது உண்மைதான். அவை அரியவையானது, குழந்தைகள் விளையாடி உடைத்து, நாய் கடித்து, அம்மா குப்பையில் எறிந்து, எஞ்சியவை சொற்பமாகிவிட்டதால். யாரும் பாதுகாக்காததால் வந்த மதிப்பு அது. பீனி பேபியை எல்லோரும் பாதுகாத்தார்கள், அதனால் எதுவும் அழியவில்லை. உங்கள் அலமாரியைப் போல எத்தனை அலமாரிகளில் பிரிக்காத பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இனி லபுபு. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லுங் 2015-இல் உருவாக்கிய பல் நீட்டிய குறும்புப் பூதம். நல்ல கற்பனைதான், குறை சொல்ல மாட்டேன். பெய்ஜிங்கின் பாப் மார்ட் நிறுவனம் அதைக் கையிலெடுத்து, உள்ளே எது இருக்கிறது என்று தெரியாத பிளைண்ட் பாக்ஸ் பெட்டியில் விற்றது. 'ரகசிய' பொம்மை கிடைக்கும் வாய்ப்பு பல வரிசைகளில் 72-இல் ஒன்று. 2024-இல் பிளாக்பிங்க் என்ற கொரிய பாப் இசைக் குழுவின் பாடகி லிசா அதைத் தொங்கவிட்டுக்கொண்டு தோன்றிய பிறகு தென்கிழக்கு ஆசியாவில் தொடங்கிய மோகம் உலகெங்கும் பரவியது. 2025 மே மாதம் பிரிட்டனில் வாடிக்கையாளர்கள் அடித்துக்கொண்டதால் கடை விற்பனையையே நிறுவனம் நிறுத்தி வைத்தது. ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் ஆள் உயர லபுபு ஒன்று 10.8 லட்சம் யுவானுக்குப் போனது. அந்தச் செய்தியை எல்லோரும் பகிர்ந்தீர்கள். ஏலம் போனது ஒற்றைப் படைப்பு, உங்களிடம் இருப்பது ஆலையில் வந்த பொம்மை என்ற வேறுபாட்டைச் சொன்னவர்கள் குறைவு.

அதே ஜூன் மாதம் நிறுவனம் சீனாவில் புதிய சரக்கை இறக்கியது. மறுவிற்பனை விலை சில நாட்களிலேயே ஏறத்தாழப் பாதியானது. ஆகஸ்டில், துணிப் பொம்மைகளின் தயாரிப்பு மாதத்துக்கு சுமார் 3 கோடியாக உயர்ந்துவிட்டது என்று நிறுவனமே பெருமையோடு அறிவித்தது. 2025-இன் முதல் அரையாண்டில் அதன் வருவாய் 1,388 கோடி யுவான்; அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லபுபு இடம்பெறும் தொகுப்பிலிருந்து வந்தது. இந்த எண்களை உங்கள் குழுக்களில் வெற்றிச் செய்தியாகக் கொண்டாடினீர்கள். யாருக்கு வெற்றி? அவர்கள் கூடுதலாக ஒரு பெட்டி விற்றால் அவர்களுக்கு வருமானம். உங்கள் பெட்டிக்கு ஒரு போட்டி. நிறுவனத்தின் பங்கை வாங்கியவருக்காவது அந்த லாபத்தில் உரிமை உண்டு. அவரும் பட்டார் என்பது வேறு கதை: 2025 ஆகஸ்டில் 300 ஹாங்காங் டாலரைத் தாண்டிய பங்கு, அந்த ஆண்டு முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. லபுபுவுக்கு முன் மாலி என்ற வேறொரு பொம்மை நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தந்த காலத்தில் 2021 தொடக்கத்தில் 100-ஐத் தாண்டி, 2022-இல் 10-ஐ ஒட்டி இறங்கிய அதே பங்குதான் இது.

உங்களுக்கு லாபத்தில் பங்கும் இல்லை, வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. உங்களைவிட அதிக விலை கொடுக்கும் ஒருவர் வந்தாக வேண்டும். அவர் வரும்வரை நிறுவனத்துக்குச் சம்பளம் இல்லாமல் விளம்பரம் செய்கிறீர்கள்; நீங்கள் பரப்பும் மறுவிற்பனை விலைதான் நாளைய வரிசையை உண்டாக்குகிறது.

விற்காதீர்கள், வாங்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? பட்டியல் போடுபவர்களிடம் மட்டும் ஒரு கோரிக்கை. கேட்கும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்ற விலையைத் தேதியோடு போடுங்கள். தளத்தின் கமிஷன், அனுப்பும் செலவு இரண்டும் கழித்துக் கையில் வந்தது எவ்வளவு என்று எழுதுங்கள். விலை போகாமல் கிடப்பவற்றையும் சேருங்கள். அந்தப் பொம்மையில் எத்தனை பெட்டி உங்களிடமே இருக்கிறது என்பதையும் ஓரமாகக் குறிப்பிடுங்கள். விலை ஏறும் என்று சொல்பவர் விற்பவராகவும் இருந்தால் வாங்குபவருக்கு அது தெரிய வேண்டும்.

இன்னொன்று. எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு பிளைண்ட் பாக்ஸ் விற்கக் கூடாது என்று சீனாவின் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு 2023-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பொம்மையைத் தயாரிக்கும் நாடே அந்த அளவுக்கு யோசித்திருக்கும்போது, பள்ளி மாணவர்களைக் குழுவில் சேர்த்து 'சேமிப்பைப் பெருக்கும் வழி' என்று பேசுவதை நீங்களும் நிறுத்தலாம். அடுத்த பட்டியலிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல்களைத் தவறாமல் படித்துவரும் ஒருவர்